சாவியைக் கொடுத்த கை எது?



பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பிள்ளை மது அருந்திவிட்டு வண்டியோட்டி விபத்தில் சிக்கினான் என்ற செய்தியைப் படிக்கும்போது, நம்மில் பெரும்பாலோர் இரண்டு வார்த்தைகளோடு அதைக் கடந்து விடுகிறோம். ‘காலம் கெட்டுவிட்டது’ என்பது ஒன்று. ‘நம் வீட்டுப் பிள்ளை அப்படியெல்லாம் செய்ய மாட்டான்’ என்பது மற்றொன்று. முதல் வார்த்தை பழியைக் காலத்தின் மீது போடுகிறது. இரண்டாவது வார்த்தை நம் வீட்டுக் கதவைச் சாத்திக் கொள்கிறது. அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்விக்கோ இரண்டிலும் விடை இல்லை.

மது ஹராம் என்பதை மதரஸாவில் ஓதும் ஏழு வயதுப் பிள்ளையும் அறியும். அப்படி அறிந்த பிள்ளைகளிலும் சிலர் பதினாறு, பதினேழு வயதில் அதைத் தொட்டு விடுகிறார்கள். தொட்ட கையோடு வண்டியின் கைப்பிடியையும் பிடிக்கிறார்கள். அறிந்திருந்த அறிவு அவர்களை ஏன் தடுக்கவில்லை? நோயின் காரணத்தை அறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவதில்லை. ஆகவே, கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, காரணத்தை நிதானமாகச் சிந்திப்போம்.

நம் ஊர் நிற்கும் இடம்

நம் கிருஷ்ணகிரி சாலைகளின் சந்திப்பு. பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி வழியாக வரும் பெருஞ்சாலை இங்கே பிரிந்து, ஒரு கிளை தருமபுரி, சேலம் நோக்கியும், இன்னொரு கிளை வேலூர், சென்னை நோக்கியும், மற்றொன்று திருவண்ணாமலை நோக்கியும் செல்கின்றது. இரவு பகல் என்ற பேதமின்றி லாரிகள் ஓடும் சாலை இது. ஒரு கணம் கவனம் தவறினாலும் திருத்திக் கொள்ள இரண்டாவது கணம் கிடைக்காத சாலையும் இதுவே.

வண்டிகள் பிறக்கும் ஊரும் நம்முடையதுதான். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். மொபெட் வெளிவந்த நாள்முதல் எத்தனையோ குடும்பங்களுக்கு இருசக்கர வாகனத் தொழில் சோறு போட்டிருக்கின்றது. இன்று போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர்களும் தயாராகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, ஊர் வளர்ந்தது, 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. இதெல்லாம் அல்லாஹ்வின் அருளே. ஆனால், தந்தை இரவு ஷிப்டிலும் தாய் பகல் வேலையிலும் இருக்கும் வீட்டில், மாலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணிவரை பிள்ளையின் முகத்தைப் பார்க்க யாருமில்லை என்பதும் இந்த வளர்ச்சியின் மறுபக்கமே.

மூன்றாவதாக, நாம் எல்லையில் வாழ்கிறோம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, வேறு மாநிலம், வேறு மதுக்கடை, வேறு விலை. 2020 மே மாதத்தில் கொரோனா ஊரடங்கின்போது கர்நாடகத்தில் 4ஆம் தேதி மதுக்கடைகள் திறக்கப்பட்டன. எல்லையோர மக்கள் அண்டை மாநிலங்களுக்குச் செல்கிறார்கள் என்பதைக் காரணமாகச் சொல்லி, தமிழ்நாட்டிலும் 7ஆம் தேதி கடைகள் திறக்கப்பட்டன. இந்த எல்லை எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இதே மண்ணின் பழைய வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி அவர்கள் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டு வந்தார். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்தச் சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. நம் பாட்டன்மார் மதுக்கடை இல்லாத ஊரில் நடந்தார்கள். நம் பிள்ளைகள் மதுக்கடையைக் கடந்துதான் பள்ளிக்கும் பட்டறைக்கும் செல்கிறார்கள்.

புணே நகரத்தில் நடந்தது

நம் ஊர் வழியாகச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே பெங்களூரைத் தாண்டி வடமேற்கே சென்றுகொண்டிருந்தால் மகாராஷ்டிரத்தின் புணே நகரம் வரும். 2024 மே 19ஆம் நாள் அதிகாலையில் அந்நகரின் கல்யாணி நகர்ப் பகுதியில் அதிவேகமாக வந்த விலையுயர்ந்த கார் ஒன்று மோட்டார் சைக்கிளில் மோதியது. அதில் சென்ற மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், உயிரிழந்தார்கள். காரை ஓட்டியவனுக்கு வயது 17. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதைக் கொண்டாட நண்பர்களோடு மதுவிடுதிகளுக்குச் சென்று திரும்பியவன் என்று காவல்துறை கூறியது. மகாராஷ்டிரத்தில் மது அருந்தச் சட்டம் விதித்த வயது 25 என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்துச் சிறார் நீதி வாரியம் அன்றே அவனுக்கு ஜாமீன் வழங்கியதைக் கேட்டு நாடே கொதித்தது. அதன் பிறகு வந்த செய்திகள் அதைவிடக் கசப்பானவை. அவனது இரத்த மாதிரியை மாற்றிவிட்டுத் தாயின் இரத்தத்தை வைத்தார்கள் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. தந்தை கைதானார், தாய் கைதானார், அரசு மருத்துவமனை மருத்துவர்களும் கைதானார்கள். குடும்ப ஓட்டுநரைப் பழியை ஏற்கும்படி வற்புறுத்தியதாகப் பாட்டனார் மீதும் வழக்கு வந்தது.

வாசகர்களே, இந்த நிகழ்ச்சியைப் பணக்காரர்களின் திமிர் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடக் கூடாது. அந்தச் சிறுவனைச் சுற்றி நின்ற பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் இல்லாதவனிடம் கார் போய்ச் சேர்ந்தது. வயதைக் கேட்காமல் மது பரிமாறப்பட்டது. கொண்டாட்டம் என்றதும் செலவுக்குப் பணம் இருந்தது. இரண்டு உயிர்கள் போவதற்கு முன்னமே பல பெரியவர்களின் கைகளைக் கடந்துதான் அந்தச் சாவியும் அந்தக் கோப்பையும் அவனை அடைந்தன. நம் ஊரில் காருக்குப் பதில் ஸ்கூட்டர், மதுவிடுதிக்குப் பதில் சாலையோரப் புளியமரத்தடி. வேறுபாடு அவ்வளவே.

இளம் உள்ளத்தில் நடப்பது என்ன?

தனியாக இருக்கும்போது அடக்கமாக இருக்கும் பிள்ளை, நான்கு நண்பர்களோடு சேர்ந்ததும் வேறொருவனாக மாறுவதைப் பெற்றோர் பலர் கண்டிருப்பீர்கள். இதை அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் சோதித்துக் காட்டினார்கள். 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதைக் கடந்தவர்கள் என மூன்று வகையினரைக் கணினியில் காரோட்டும் விளையாட்டை ஆடச் செய்தார்கள். நண்பர்கள் பார்த்துக் கொண்டிருந்தபோது, சிறுவர்கள் தனியே ஆடியதைவிட வெகு அதிகமாக ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். பெரியவர்களிடமோ அந்த மாற்றம் தென்படவில்லை.

இதற்கு உடலிலேயே காரணம் உண்டு. இன்பத்தையும் பாராட்டையும் நாடும் மூளைப் பகுதி பதின்வயதில் வேகமாகத் துடிக்கின்றது. ‘பொறு, பின்விளைவை எண்ணிப் பார்’ என்று கடிவாளம் பிடிக்கும் நெற்றிப்புற மூளையோ இருபத்தைந்து வயதையொட்டித்தான் முழு வளர்ச்சி அடைகின்றது. குதிரை வளர்ந்துவிட்டது, கடிவாளம் இன்னும் தயாராகவில்லை. அதன் மீது மது என்ற சாட்டையையும் வீசினால் என்ன ஆகும்?

மது முதலில் பறிப்பது கால்களின் உறுதியை அன்று, மதிப்பிடும் ஆற்றலை. கால் தள்ளாடுவதற்கு வெகு முன்பே புத்தி தள்ளாடி விடுகின்றது. ஆகவேதான் குடித்தவன் ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்று மனமாரச் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. தன் நிலையை அளந்து பார்க்கும் கருவியே அவனிடம் பழுதாகிவிட்டது. காப்பி குடித்தால் தெளிந்துவிடும், முகம் கழுவினால் போதும் என்பதெல்லாம் வீண் நம்பிக்கை. உடல் மதுவைத் தன் சொந்த வேகத்தில்தான் வெளியேற்றும். 100 மில்லி இரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்பதே அந்த வேகம்.

இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. நம் சமுதாயத்துக்கு மிக நெருக்கமான காரணம் அது. குடிப்பழக்கம் இல்லாத வீட்டுப் பிள்ளை வீட்டில் குடிக்க முடியாது, தெருவிலும் குடிக்க முடியாது. அறிந்த முகங்கள் இல்லாத இடத்துக்கு அவன் போயாக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும். குடித்தபின், இஷா முடிந்து அத்தா வீடு திரும்புவதற்குள் படுக்கையில் இருந்தாக வேண்டும். அதற்கு வேகம் வேண்டும். தாமதமானால் கேள்வி வரும். தொலைபேசியில் அழைத்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். ஆக, அவனைச் சாலைக்கு அழைத்துச் செல்வதும் மறைவு. அதே சாலையில் அவனை விரட்டுவதும் மறைவு. வீட்டில் பாவத்தைப் பற்றிய அச்சம் இருப்பது நல்லதே. தவறியபின் வீட்டுக்குத் திரும்ப வழியே இல்லை என்ற அச்சம்தான் உயிரைக் குடிக்கின்றது.

ஒருமுறை குடித்து ஓட்டி ஒன்றும் நேராமல் வீடு சேர்ந்தவன், அல்லாஹ் அளித்த அவகாசத்தைத் தன் திறமை என்று எண்ணிக் கொள்கிறான். அடுத்த முறை அவன் இன்னும் தைரியமாக ஓட்டுகிறான்.

சட்டம் யாரைப் பார்க்கின்றது?

தாய்மார்களே, ‘கியர் இல்லாத வண்டிதானே, பதினாறு வயதாகிவிட்டதே’ என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதில் ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிள் மட்டுமே. அதற்கும் உரிமம் வேண்டும். இன்று நம் வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 110 சிசி, 125 சிசி வண்டிகள். ‘கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வா’ என்று பதினைந்து வயது மகனிடம் சாவியை நீட்டும் அந்த மதிய வேளையிலேயே சட்டம் மீறப்பட்டு விடுகின்றது. ‘இந்தச் சட்டம் பெரியவர்களுக்கே பொருட்டில்லை’ என்ற பாடத்தைப் பிள்ளை நம்மிடமிருந்துதான் முதலில் கற்கிறான்.

100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதே திருத்தம் 199ஏ என்ற புதிய பிரிவையும் கொண்டு வந்தது. சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், அவனது பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. தம் அறிவின்றி அது நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்தோம் என்றோ பெரியவர்தான் நிரூபிக்க வேண்டும்.

பொருள் இழப்பும் சிறிதன்று. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டியால் ஒருவர் இறந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு அத்தொகையை உரிமையாளரிடமே வசூலித்துக் கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்துள்ளன. இருபது ஆண்டு உழைப்பில் கட்டிய வீடு ஒரே இரவில் கைமாறக்கூடும்.

அரசின் பொறுப்பையும் நாம் மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. கர்நாடக அரசு 2023 ஜனவரியில் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்க வரைவு வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் அதைக் கைவிட்டது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15ஆம் நாள் தீர்ப்பளித்தது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலு என்பவரின் வழக்கிலும் சேர்த்துத்தான். பின்னர் 2017இல் சிற்றூர்களுக்கு அந்தத் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கும் கிடைத்தது. மக்கள் விழித்திருக்கும்வரைதான் சட்டமும் விழித்திருக்கும் என்பதே இதில் நாம் பெறும் படிப்பினை.

மார்க்கம் காட்டிய வழி

மதுவைத் தடுத்த முறையிலேயே நமக்குப் பெரும் படிப்பினை உண்டு. அல்பகறா, அந்நிஸா, அல்மாயிதா என்ற மூன்று அத்தியாயங்களில் படிப்படியாக அத்தடை இறங்கியது. முதல் நாளிலேயே மது கூடாது என்று கட்டளை வந்திருந்தால் மக்கள் அதை விட மறுத்திருப்பார்கள் என்ற கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதாக புகாரீயில் அறிவிப்பு உள்ளது. உள்ளங்கள் பக்குவப்பட்ட பின்னரே தடை வந்தது. வந்ததும் மதீனாவின் வீதிகளில் மது ஓடியது.

அந்த நாளில் அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் பெரியவர்களுக்கு மது ஊற்றிக் கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அவர்களுள் வயதில் மிக இளையவரான அனஸ் (ரலி). தடை அறிவிக்கப்பட்டதும் அதைக் கொட்டிவிடும்படி அவருக்குச் சொன்னவர் அவரை வளர்த்த அபூதல்ஹா (ரலி) அவர்களே. பெரியவர் சொன்னார், சிறுவர் கொட்டினார். அந்த வீட்டில் முதலில் திருந்தியது பெரியவர்களின் சபை.

மதுவின் விஷயத்தில் குடிப்பவனை மட்டும் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிடவில்லை. பிழிபவன், சுமப்பவன், ஊற்றிக் கொடுப்பவன், விற்பவன், வாங்குபவன், அதன் விலையை உண்பவன் எனப் பத்துப் பேரைச் சுட்டியதாக திர்மிதீயில் அறிவிப்பு வருகின்றது. ஒரு பாவம் எத்தனை கைகளைக் கடந்து வருகின்றது என்பதை அது நமக்குக் காட்டுகின்றது. அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நம் ஊரைப் பாருங்கள். சிறுவனுக்காகக் கடையில் வாங்கிக் கொடுக்கும் ‘அண்ணன்’ யார்? வயதைக் கேட்காமல் விற்றவர் யார்? செலவுக்குக் கணக்குக் கேட்காமல் பணம் கொடுத்தவர் யார்?

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. மது அருந்திய ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வரப்பட்டு தண்டிக்கப்பட்டார். அவர் திரும்பிச் செல்லும்போது சிலர் அவரைச் சபித்தார்கள். நபியவர்கள் அதைத் தடுத்து, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்ய வேண்டாம் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். தண்டனை உண்டு, ஆனால் திரும்பி வரும் வாசலை யாரும் அடைக்கவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, சாவி. பதினெட்டு வயதும் உரிமமும் இல்லாத பிள்ளையின் கைக்கு வண்டிச் சாவி எந்த அவசரத்திலும் போகக் கூடாது. சாவியை ஆணியில் தொங்கவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். ‘மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுகிறார்களே’ என்று அவன் கேட்பான். ‘அந்த வீட்டுக்கு நான் பொறுப்பாளி இல்லை, உனக்குப் பொறுப்பாளி’ என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, வாக்குறுதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேலண்டு என்னும் ஊரில், மாணவர்கள் விபத்தில் மாண்டதைக் கண்டு, ராபர்ட் அனாஸ்டஸ் என்ற ஆசிரியர் 1981இல் மாணவர் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைக்கும் பெற்றோருக்குமிடையே எழுத்து ஒப்பந்தம் செய்வது அதன் வழிமுறை. குடித்தவன் வண்டியில் ஏற மாட்டேன், எந்த நேரமானாலும் உங்களை அழைப்பேன் என்பது பிள்ளையின் வாக்கு. எந்த இடமானாலும் வந்து அழைத்துச் செல்வேன், அப்போதே கேள்வி கேட்க மாட்டேன் என்பது பெற்றோரின் வாக்கு.

இது ஹராமுக்கு அனுமதி கொடுப்பதாகாதா என்று சிலர் தயங்குவீர்கள். தயக்கம் நியாயமே. எண்ணிப் பாருங்கள்: உயிரையும் அறிவையும் காப்பதை ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் வைத்தார் இமாம் கஸ்ஸாலி. அறிவை இழந்து நிற்கும் பிள்ளையின் உயிரையாவது முதலில் காப்போம். இரவில் வீட்டுக்கு அழைத்து வந்த மகனை மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் உட்கார வைத்துக் கண்டிக்கலாம், அழலாம், தௌபாவுக்கு வழிகாட்டலாம். மருத்துவமனைப் பிணவறையில் கண்டிக்க யார் இருப்பார்? ‘பாவம் பாவம்தான், அதற்காக உன்னை இழக்க நான் தயாரில்லை’ என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக் கொள்வோம்.

மூன்றாவது, மாலை நேரம். ஷிப்டு வேலையில் இருக்கும் பெற்றோர் தம் பெரியப்பா, மாமா, அண்டை வீட்டார் என யாரேனும் ஒருவரிடம் பிள்ளையை ஒப்படையுங்கள். பள்ளிவாசல் ஜமாஅத்துகள் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே இளைஞர்களுக்கென ஏதேனும் ஒரு வேலையை வைக்கலாம். விளையாட்டாகவும் இருக்கலாம், பாடமாகவும் இருக்கலாம். நண்பர்கள் முன் தலைநிமிர வேண்டும் என்பதே அந்த வயதின் தாகம். நல்ல நண்பர்கள் கூடும் இடம் ஒன்றைக் கொடுத்தால், அதே தாகம் அவனை நல்ல பக்கம் இழுக்கும்.

நான்காவது, மஹல்லா. சிறுவர்களுக்கு மது வாங்கிக் கொடுப்பவர்களையும், வயது பாராமல் விற்கும் கடைகளையும் கண்டால், ஜமாஅத் நிர்வாகிகள் மாவட்ட ஆட்சியரிடமும் காவல்துறையிடமும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இதில் இந்துச் சகோதரர்களும் கிறித்தவச் சகோதரர்களும் நம்மோடு நிற்பார்கள். மகனைப் பறிகொடுக்கும் துயரத்தில் மத வேறுபாடு ஏது?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் கணக்கு கூறுகின்றது. உலகம் முழுவதும் 5 வயது முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதற்காரணம் சாலை விபத்தே என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கில் நம் தெருப் பிள்ளை சேராதிருக்க வேண்டுமானால், இதழை மூடி வைத்தவுடன் எழுந்து சென்று, உங்கள் வீட்டு வண்டிச் சாவி இப்போது எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். பிறகு பிள்ளையை அருகில் அழைத்து, கோபமில்லாத குரலில் பேசத் தொடங்குங்கள்.

நம் சந்ததிகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, சாலையிலும் வீட்டிலும் அவர்களைக் காத்தருள அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.